‘மாடுதானே’ என்று சொல்லும்போது

(ஓசூரில் கால்நடை மருத்துவர்கள், பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இந்த மாவட்டத்தில் கால்நடை மருத்துவனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். கருவூட்டல் ஊசி போட்டிருக்கிறேன், கோமாரிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறேன், நடுராத்திரியில் லாந்தர் வெளிச்சத்தில் கன்று இழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். அது நான் செய்த தவறு. இத்தனை நாளும் என்னோடு இருக்கிறது.

மலையோரக் கிராமம் ஒன்றின் மருந்தகத்துக்கு ஒரு காலையில் கலப்பின மாடு ஒன்று வந்தது. பின்தொடை வீங்கி, முதுகில் கோடு கோடாகத் தடித்திருந்தது. கயிற்றைப் பிடித்து வந்தவன் பத்து வயதுப் பையன். அப்பா பின்னால் பீடியோடு நின்றார். “எப்படிப்பா ஆச்சு?” என்று பையனைக் கேட்டேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் முந்திக்கொண்டார்: “சொன்ன பேச்சு கேக்கல சார். மாடுதானே, ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வரும்.”

ஊசியை நிரப்பிக்கொண்டு கையை உயர்த்தினேன். மாடு உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஒதுங்கியது. அடிபட்ட மாடு அப்படித்தான் ஒதுங்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் அதே நொடியில் அந்தப் பையனும் தோளைக் குறுக்கிக்கொண்டு, முகத்துக்குக் குறுக்கே முழங்கையைத் தூக்கினான். என் கை அவனை நோக்கிப் போகவில்லை. ஒரு கை உயர்ந்தது, அவ்வளவுதான். இரண்டு உடம்புகளும் ஒரே பாடத்தைப் படித்திருந்தன.

நான் என்ன செய்தேன்? மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து கொடுத்தேன். பதிவேட்டை எடுத்து எழுதினேன்: இனம், வயது, நோய், கொடுத்த மருந்து. நோய் என்ற இடத்தில் ‘அடிபட்ட காயம்’ என்று எழுதினேன். கயிற்றைப் பிடித்து வந்தவனைப் பற்றி எழுத அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை. அடுத்த மாட்டைக் கூப்பிட்டேன்.

நண்பர்களே, அந்த அப்பா சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல் இருக்கிறது. ‘மாடுதானே’. அந்தத் ‘தானே’யைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நம் மொழியில் ‘தானே’ பல வேலை செய்யும். ‘நீதானே சொன்னாய்’ என்பதில் உறுதி இருக்கிறது. ‘நான்தானே இருக்கிறேன்’ என்பதில் ஆறுதல் இருக்கிறது. ஆனால் ‘மாடுதானே’, ‘நாய்தானே’ என்னும்போது அது ஓர் உயிரைக் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறது. அடித்த பிறகு அந்த உயிருக்கு என்ன நடந்தாலும் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இந்தத் தானே ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் தொழுவத்தோடு நிற்பதில்லை. ‘சின்னப் பையன்தானே’ என்று வரும். ‘பொம்பளைதானே’ என்று வரும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயைப் பார்த்து ‘கிழவிதானே’ என்று வரும். வீதிக்கு வந்தால் ‘இந்திக்காரன்தானே’ என்று வரும். விலங்கை வதைப்பதற்கும் மனிதரை வதைப்பதற்கும் உள்ள தொடர்பு என்று அறிஞர்கள் பேசுவதை என் மொழியில் சொல்லச் சொன்னால், இந்த ஓர் இடைச்சொல்லைத்தான் காட்டுவேன்.

நம் ஊரைக் கொஞ்சம் பாருங்கள். 1824-இல் மத்திகிரியில் ஆங்கிலேயர் படைக்கென்று கால்நடைப் பண்ணை தொடங்கினார்கள். 200 ஆண்டுகளுக்கு மேலாக மாட்டுக்கும் குதிரைக்கும் பேர் போன மண் இது. 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வந்தன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. ராகி விளைந்த நிலத்தில் லைன் வீடுகள் முளைத்தன. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், மாடியில் ஒடியாவும் இந்தியும். ஜுஜுவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு காவல் துறை.

கிராமத்தில் ஒரு வீட்டில் அடிதடி என்றால் தெருவே திரளும். பெரியம்மா ஓடி வருவாள், மாமன் ஓடி வருவார். லைன் வீட்டில் யார் வருவார்கள்? பக்கத்து வீட்டுப் பெண் எந்த மொழியில் அழுகிறாள் என்றுகூட நமக்குத் தெரியாது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் அழுகையை அடக்கிக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் அடிபடும் நாயின் கத்தலுக்கு மொழி கிடையாது. அது எல்லாச் சுவரையும் தாண்டிக் கேட்கிறது. அதைக் கேட்டுவிட்டு ‘நாய்தானே’ என்று நாம் கதவைச் சாத்தும்போது, அந்த வீட்டுக்குள்ளிருந்து நமக்கு வந்த முதல் செய்தியைத் திருப்பி அனுப்புகிறோம்.

இது வெறும் ஊகமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஆகவே ஆய்வுகள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், குழந்தைகளுக்குக் கொடுமை நடந்ததாக உறுதியான, வளர்ப்பு விலங்கும் இருந்த 53 குடும்பங்களை ஆய்ந்தார்கள். நூற்றுக்கு 60 வீடுகளில் விலங்கும் வதைபட்டிருந்தது. குழந்தையை உடலளவில் அடித்துத் துன்புறுத்திய குடும்பங்களை மட்டும் எடுத்தால் அது நூற்றுக்கு 88. விலங்கை வதைத்தது எப்போதும் பெரியவர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். சில வீடுகளில் அடிபட்ட குழந்தையே விலங்கை அடித்தது. தனக்குக் கீழே இருந்த ஒரே உயிரிடம், தான் படித்த பாடத்தை அது ஒப்பித்தது.

1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, யூட்டா மாநிலத்தில் ஒரு பெண்கள் காப்பகத்தில் ஃபிராங்க் அசியோன் என்ற உளவியலாளர் 38 பெண்களிடம் பேசினார். விலங்கு வளர்த்தவர்களில் நூற்றுக்கு 71 பேர், தங்கள் கணவரோ துணைவரோ அந்த விலங்கை மிரட்டியதாக, காயப்படுத்தியதாக, அல்லது கொன்றதாகச் சொன்னார்கள். விலங்கை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறுவதைத் தள்ளிப்போட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

1999-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விலங்கு வதைக்காக வழக்குக்கு உள்ளான 153 பேரையும், அவர்கள் வாழ்ந்த பகுதியிலேயே இருந்த வேறு 153 பேரையும் ஆர்னால்ட் ஆர்லுக்கும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். விலங்கை வதைத்தவர்கள் மனிதருக்கு எதிரான வன்முறைக் குற்றங்களில் ஈடுபட்ட வாய்ப்பு மற்றவர்களைவிட 5.3 மடங்கு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. விலங்கில் தொடங்கிப் படிப்படியாக மனிதருக்குப் போகிறார்கள் என்ற பழைய நம்பிக்கைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. சிலர் முதலில் மனிதரை அடித்துப் பிறகு விலங்கை அடித்திருந்தார்கள். சிலர் இரண்டையும் கூடவே செய்திருந்தார்கள்.

இதை நாம் மறக்கக் கூடாது. 1963-இல் ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர், படுக்கையை நனைப்பது, தீ வைப்பது, விலங்கை வதைப்பது ஆகிய மூன்றும் பிற்காலக் கொலை வெறிக்கு அறிகுறியாகலாம் என்று எழுதினார். பின்வந்த ஆய்வுகளில் அது அப்படியே உறுதிப்படவில்லை. ஆனாலும் சினிமாக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓணானைக் கல்லால் அடித்த பிள்ளைகள் எல்லாம் கொலைகாரர்கள் ஆவதில்லை. அப்படியானால் நம் ஊரில் பாதிப் பேர் சிறையில் இருக்க வேண்டும். உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கொடுமைகள் படிக்கட்டுகள் அல்ல, ஒரே வேரில் கிளைத்தவை. தட்டிக் கேட்க ஆளில்லாத உயிர் எது என்று தேடும் கை, மாட்டையும் தொடும், மனைவியையும் தொடும், பிள்ளையையும் தொடும். எது முதலில் என்பதில் ஒழுங்கில்லை. எது முதலில் வெளியே தெரிகிறது என்பதில் ஒழுங்கு உண்டு. மாட்டின் காயத்தை ஊர் பார்க்கும். மனைவியின் காயத்தைப் புடவை மூடிக்கொள்ளும்.

நம் மண்ணின் கணக்குக்கு வருவோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் நூற்றுக்கு 44 பேர். இந்தக் கூடத்தில் பத்துப் பெண்கள் ஒரு வரிசையில் இருந்தால் நான்கு பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இங்கே பசு என்பது செல்லப் பிராணி கிடையாது. அது அடிபடும் பெண்ணின் கையில் இருக்கும் ஒரே வருமானம். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றி வரும் காசுதான் பிள்ளையின் நோட்டுப் புத்தகம், குழுக்கடன் தவணை, கேஸ் சிலிண்டர். அடிக்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவளை அடித்தால் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பசுவை அடித்தால் எங்கும் போக மாட்டாள். “நீ போ, போய்ப் பார், திரும்பி வரும்போது இது உயிரோடு இருக்காது” என்று ஒருவன் சொன்னால் அந்த மிரட்டல் இரண்டு உயிருக்கும் சேர்த்து. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்கு வீட்டில் இருக்கும் உரிமையைத் தந்தது, பாதுகாப்பு ஆணை தந்தது. ‘சகி’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன. நல்லது. ஆனால் மாலை ஆறு மணிக்குப் பால் கறக்க வேண்டிய பசுவை விட்டுவிட்டு எந்தப் பெண் அந்த மையத்தில் தங்குவாள்? அவள் திரும்பிப் போகிறாள். ‘சமாதானமாகிவிட்டார்கள்’ என்று நாம் கோப்பை மூடுகிறோம்.

வீட்டுக்கு வெளியே, காட்டுக்குப் போவோம். ஒவ்வோர் ஆண்டும் ராகி கதிர் முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வருகின்றன. விவசாயி பட்டாசு வெடிக்கிறார், இரவெல்லாம் தூங்காமல் காவல் இருக்கிறார், சில நேரம் உயிரையே இழக்கிறார். அவருடைய பயத்தையும் நட்டத்தையும் நான் அறிவேன். அவரைக் கொடியவர் என்று சொல்லும் உரிமை நகரத்தில் இருக்கும் எவருக்கும் இல்லை.

ஆனால் 2023 மார்ச்சில், பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று பெண் யானைகள் விழுந்து இறந்தன. இரண்டு குட்டிகள் உயிர் தப்பித் தாய்களின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பி யானையைத் தெரிந்து கொல்வதில்லை. அதே மாதிரிக் கம்பியில் ராத்திரி வயலுக்குப் போன மனிதர்களும் மாட்டிச் செத்திருக்கிறார்கள். காட்டுப்பன்றிதானே என்று போட்ட கம்பி, பக்கத்து வயல்காரரையும் கணக்கில் கொள்ளவில்லை. அதே 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகள் கொண்டுவந்தது. விதி வந்துவிட்டது. வயலுக்கு வரவேண்டியது சூரிய மின்வேலிக்கான உதவியும், பயிருக்கான இழப்பீடும். அவை நேரத்துக்கு வந்தால் விவசாயி கொக்கி போட்டு மின்சாரம் எடுக்க மாட்டார்.

2021 ஜனவரியில் மசினகுடியில் நடந்தது வேறு வகை. விடுதிப் பக்கம் வந்த யானையின் மீது எரியும் டயரை வீசினார்கள். காது தீப்பற்றி எரிய அது ஓடியது. ஏற்கெனவே காயத்தோடு இருந்த அந்த யானை ஜனவரி 19 அன்று, யானைகள் முகாமுக்குக் கொண்டு போகும் வழியில் இறந்தது. மாரண்டஅள்ளியில் இருந்தது பயம். மசினகுடியில் இருந்தது என்ன? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நாம் கொடுமையைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள்.

இந்த எல்லைக் காடுகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வீரப்பன் என்ற பெயர் சொன்னால் நமக்குச் சந்தனமும் கடத்தலும் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய துப்பாக்கி முதலில் திரும்பியது தந்தத்துக்காக யானைகளின் மேல். பல ஆண்டுகள் யானைகள் செத்துக்கொண்டிருந்தன. யானைதானே என்று நாடு இருந்தது. 1991 நவம்பர் 10 அன்று கர்நாடக வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். அப்போதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. யானைகளைக் கொன்றதால்தான் அவர் மனிதரைக் கொன்றார் என்று நான் சொல்ல வரவில்லை. யானைகள் செத்தபோதே காட்டுக்குள் சட்டம் செத்துவிட்டது என்கிறேன். அதைப் பார்க்க நமக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கொடுமை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மக்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. கால்நடைகளும் கொல்லப்பட்டன. பெண்ணைச் சிதைத்த அதே நாளில் அவள் வளர்த்த ஆட்டையும் விட்டுவைக்கவில்லை. ஒரு சமூகத்தையே ‘மலைக்காரன்தானே’ என்று அடித்துவிட்டபோது அவர்களுடைய உயிர்கள் எல்லாம் சேர்ந்தே அழிந்தன. அந்தப் பெண்கள் சோர்ந்துவிடவில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள் ஆயின. ஆனால் ‘தானே’ தோற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். விலங்கின் பெயரால் மனிதரை இழிவுபடுத்தும் பேச்சும் ஒரு வகை வன்முறைதான். மாட்டிறைச்சி உண்பவரை, ஆடு அறுப்பவரை, வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியைக் ‘கொடியவர்’ என்று முத்திரை குத்த இந்தப் பேச்சைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் சொற்களைக் கடன் கொடுக்க மாட்டேன். ஆட்டை ஒரே வெட்டில் முடித்து, மாலையில் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சும் கறிக்கடைக்காரரை எனக்குத் தெரியும். கறியே தொடாமல் வீட்டில் எல்லோரையும் நடுங்க வைப்பவரையும் எனக்குத் தெரியும்.

எருது விடும் விழாவும் அப்படித்தான். 2023 பிப்ரவரி 2 அன்று சூளகிரி அருகே கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி தாமதமானதென்று தேசிய நெடுஞ்சாலையையே மறித்தார்கள். கல் பறந்தது, கண்ணீர்ப் புகை பறந்தது. காளையைப் பிள்ளைபோல் வளர்ப்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஆகவே விழா நடக்கட்டும். ஆனால் வாலை முறுக்குவதும், கண்ணில் எரிச்சல் பொடி போடுவதும், சாராயம் ஊற்றுவதும் எந்தப் பண்பாட்டிலும் சேராது. அந்த இடத்தில் கூட்டம் கட்டுப்பாட்டை இழந்தால் முதலில் மாடு அடிபடும், அடுத்து வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை அடிபடும். காளைக்குப் பாதுகாப்பான களம்தான் மனிதருக்கும் பாதுகாப்பான களம்.

தெருநாய்ப் பிரச்சினையிலும் இதே நிதானம் வேண்டும். கடிபட்ட குழந்தையின் தாய்க்கு நான் கருணைப் பாடம் நடத்த மாட்டேன். நாய்க்கடி உண்மை, வெறிநோய் உண்மை. அதற்கு மருந்து கருத்தடை, தடுப்பூசி, குப்பை மேலாண்மை. விஷம் வைப்பதும், சாக்கில் கட்டிக் கம்பியால் அடிப்பதும் மருந்து ஆகாது. அதை நடுத்தெருவில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பார்க்கச் செய்யும்போது நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம்? தொந்தரவாக இருக்கும் உயிரை இப்படித்தான் தீர்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கொடுத்தார். 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஒரு தமிழ்ப் பெண் இந்தியாவுக்குக் கொடுத்த சட்டம் அது. ஆனால் அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே தொகை. இன்று 50 ரூபாய்க்கு ஒரு சாப்பாடுகூட வராது. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு திருத்த வரைவை வெளியிட்டது. அது சட்டமாக வேண்டும்.

பழைய தண்டனைச் சட்டம் விலங்கை விலை வைத்துப் பார்த்தது. 10 ரூபாய் பெறும் விலங்கைக் கொன்றால் ஒரு பிரிவு, 50 ரூபாய் பெறும் விலங்கைக் கொன்றால் இன்னொரு பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு அந்த விலைக் கணக்கை நீக்கி, எந்த விலங்கைக் கொன்றாலும் முடமாக்கினாலும் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்றது. இது நல்ல மாற்றம். ஆனால் பழைய 377-ஆம் பிரிவு போனபோது, விலங்கின் மீதான பாலியல் வன்முறையைத் தண்டிக்கும் பிரிவும் சேர்ந்தே போய்விட்டது. புதிய சட்டத்தில் அதற்கு இடமில்லை. அப்படிப்பட்ட ஒருவன் வாழும் தெருவில் குழந்தைகளும் வாழ்கிறார்கள். இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 2016 ஜனவரி முதல் அவர்களுடைய எஃப்.பி.ஐ. தன் குற்றப் புள்ளிவிவரத்தில் விலங்கு வதையைத் தனி இனமாகப் பதியத் தொடங்கியது. ஒரு பத்தியைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் பத்தி இருந்தால்தான் கண் பார்க்கும். என் பதிவேட்டில் அந்தப் பத்தி இல்லாமல் போனதை நினைத்துக்கொள்கிறேன்.

1874-இல் நியூயார்க்கில் மேரி எலன் என்ற சிறுமி வளர்த்தவர்களால் அடித்து வதைக்கப்பட்டாள். எட்டா வீலர் என்ற சமூகப் பணியாளர் பல கதவுகளைத் தட்டிவிட்டு, கடைசியாக விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி பெர்கிடம் போனார். குழந்தையை விலங்கு என்று சொல்லி மீட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது தவறு, மனிதருக்கான சட்டத்தின் வழியாகவே மீட்டார்கள். ஆனால் கதவைத் திறந்தவர் குதிரைகளுக்காகப் போராடிய மனிதர். அங்கிருந்துதான் குழந்தைகளுக்கான முதல் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. விலங்கின் வலியைப் பார்க்கப் பழகிய கண் குழந்தையின் வலியையும் பார்த்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் வட்டாரம் நடுகற்களின் நாடு. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குப் போனால் ஆநிரை மீட்டு விழுந்த வீரர்களைக் கல்லில் பார்க்கலாம். அடுத்த மாவட்டமான திருவண்ணாமலையில், செங்கம் பக்கம் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனின் உருவம் அதில் உண்டு. அவன் பக்கத்திலேயே ஒரு நாயின் உருவம். அதன் பெயர் கோவிவன் என்று எழுதியிருக்கிறார்கள். கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன்னால் கல்லில் வெட்டியவன் ‘நாய்தானே’ என்று விட்டுவிடவில்லை. மனிதனையும் நாயையும் ஒரே கல்லில் பதிந்தான். நாம் மாட்டைக் கால்நடைத் துறைப் பதிவேட்டிலும், குழந்தையைச் சமூக நலத் துறைப் பதிவேட்டிலும், பெண்ணைக் காவல் நிலையப் பதிவேட்டிலும் தனித்தனியாக எழுதுகிறோம். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பதிவேடுகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

கால்நடை மருத்துவ நண்பர்களே, காயத்தோடு வரும் விலங்கின் பதிவில் காயம் எப்படி வந்தது என்று எழுதுங்கள். விபத்தா, நோயா, அடியா? கயிற்றைப் பிடித்து வந்தவரின் முகத்தையும் பாருங்கள். பெண்ணாக இருந்தால், குழந்தையாக இருந்தால், தனியாக ஒரு நிமிடம் கேளுங்கள்: “வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கீங்களாம்மா?” அதற்குத் தனிப் படிப்பு வேண்டாம்.

ஆசிரியர்களே, பூனைக்குட்டியை வதைத்த பையனைப் பிரம்பால் அடிக்காதீர்கள். அடித்தால் அவன் ஏற்கெனவே அறிந்த பாடத்தை நீங்களும் ஒருமுறை நடத்தியதாக ஆகும். அவனிடம் பேசுங்கள். அவன் வீட்டில் யார் யாரை அடிக்கிறார்கள் என்பது மெல்ல வெளியே வரும்.

அங்கன்வாடிச் சகோதரிகளே, ஊராட்சி உறுப்பினர்களே, கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடும்போது அந்தப் பகுதிக் கால்நடை ஆய்வாளரையும் கூப்பிடுங்கள். எந்த வீட்டு மாடு அடிக்கடி அடிபட்டு வருகிறது என்று அவருக்குத் தெரியும். எந்த வீட்டுக் குழந்தை அடிக்கடி வராமல் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மேசையில் வையுங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடைக்கலம் தேடி வரும் பெண்ணின் பசுவை, அவள் திரும்பும் வரை பராமரிக்க ஓர் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு தொழுவம், இரண்டு கட்டுத் தீவனம். அது ஒரு பெண்ணின் உயிரைக் காக்கும்.

லைன் வீட்டில் இருக்கும் நண்பர்களே, பக்கத்து வீட்டில் நாயின் கத்தல் தினமும் கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். காயப்பட்ட கால்நடைக்கு 1962. குழந்தைக்கு 1098. பெண்ணுக்கு 181. மூன்று எண்களையும் உங்கள் போனில் ஒன்றாகச் சேமித்து வையுங்கள், ஏனென்றால் அவை ஒரே வீட்டுக்காகவே தேவைப்படலாம்.

அந்தப் பையன் இன்று வளர்ந்த ஆளாக இருப்பான். ஒருவேளை இந்தக் கூடத்திலேயே, ஏதோ ஓர் ஆலையின் சீருடையில் இருக்கலாம். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். “உன்னை யாராவது அடிக்கிறாங்களாப்பா?” நான் கேட்கவில்லை. மாட்டுக்கு மருந்து கொடுத்து அவனை அதே வீட்டுக்கு அனுப்பினேன்.

நீங்கள் கேளுங்கள்.